பச்சையா, சிவப்பா?

"பச்சை வந்தா எங்க தண்ணி, செவப்பு வந்தா ஒங்க தண்ணி. அதுக்கு மேல ஒரு பேச்சு கூடாது. சம்மதமா மாப்ளே?"

ஊற்றுப் பாறையின் மேல் நின்றுகொண்டு நல்லுசாமி கேட்டார். எழுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர்.

"சம்மதம் மச்சான். தோத்துட்டு, சாயத்துல கலப்படம்னு சொல்லிறக் கூடாது" என்றார் எதிரே நின்ற ஆண்டிச்சாமி.

கூட்டம் சிரித்தது. மலைக்கிராமமான பள்ளங்கியில் அன்று யாரும் தோட்ட வேலைக்குப் போகவில்லை.

மாரியம்மன் திருவிழாவின் முதல் தீர்த்தக்குடத்தை இந்த ஊற்றில்தான் எடுப்பார்கள். யார் நிலத்து நீர் ஊற்றாக வருகிறதோ, குடம் சுமக்கும் உரிமை அந்த வீட்டுக்கு. மேற்கு மேட்டில் நல்லுசாமியின் கேரட் காடும் காட்டேஜ்களும். கிழக்கு மேட்டில் ஆண்டிச்சாமியின் பூண்டுக் காடும் ஹோம்ஸ்டேயும். இரண்டு மேடும் சேரும் பள்ளத்தில் ஊற்று.

நல்லுசாமியின் தகப்பனார் இருந்தவரை குடம் அவர் தோளில்தான் போனது. அவர் காலமானதும் ஆண்டிச்சாமி குறுக்கே வந்தார். தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள், தீரவில்லை. அதிலிருந்து முதல் குடமே இல்லாமல் திருவிழா நடக்கிறது. மானமுள்ள ஒரு குடும்பத்துக்கு அதைவிடத் தலைகுனிவு வேறு உண்டா?

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஷர்மிளா ஊருக்கு வந்தாள். ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனாள். மறுபடி வந்து பிடித்தாள். பிறகு நல்லுசாமியிடமே நேராக வந்தாள்.

"மேலேருந்து எது இந்த ஊத்துல வந்து சேருதுன்னு பாக்கணும்ங்கய்யா. ஒங்க எடத்துல பச்சைச் சாயம், அவங்க எடத்துல செவப்புச் சாயம் ஊத்துவோம். கெடுதல் இல்லாத சாயந்தான். அதுவரைக்கும் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க."

"தீர்த்தத்தைக் காய்ச்சுறதா? நல்லாருக்கே!" என்று சிரித்தார் நல்லுசாமி. ஆனால் சாயம் என்றதும் அவருக்கு அம்மனே ஆள் அனுப்பியது போலிருந்தது. "நம்ம எடத்துல எங்க வேணும்னாலும் ஊத்து தாயி. வாட்ச்மேன்கிட்டச் சொல்லிடுறேன். நம்மகிட்ட ஒளிவு மறைவு கெடையாது."

"எதுக்காகன்னாங்கய்யா..."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ ஒன் சோலியைப் பாரு தாயி."

சொன்ன கையோடு ஆண்டிச்சாமியைத் தேடிப் போய்ப் பந்தயத்தையும் கட்டிவிட்டார். நேற்று வெள்ளனே இரண்டு பக்கமும் சாயம் ஊற்றியாயிற்று. இன்று காலையிலிருந்து ஊரே ஊற்றைச் சுற்றி நிற்கிறது.

"என்ன மச்சான், ஒங்க பச்சையைக் காணோம்? வழியில டீ குடிக்க ஒக்காந்துருச்சா?"

"ஒன் செவப்பு மட்டும் ஜீப்புலயா வந்துக்கிட்டு இருக்கு?"

ஷர்மிளா மண்டியிட்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நிறமில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

நல்லுசாமியின் மனைவி சுந்தராம்பாள், புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அவள் ஆண்டிச்சாமிக்கு உடன்பிறந்த அக்கா.

"அக்கா, கொடத்தை எறக்கி வையி. சாயங்காலம் பொறந்த வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வரணும்" என்றார் ஆண்டிச்சாமி.

"வாயை மூடுடா! வெரசா வரப்போறது எங்க பச்சைதான்!"

விசில் பறந்தது. நல்லுசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

மேகம் விலகி, வெயில் நேராகப் பள்ளத்தில் விழுந்தது. பாறை இடுக்கில் ஏதோ மினுங்கியது. பாசிதான் என்று ஒருவன் சொன்னான். பாசி அசையுமா? நூல் போல ஒரு கோடு நெளிந்து வந்தது. கோடு அகன்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்று முழுவதும் கிளிப்பச்சையாகச் சுடர்விட்டது.

"பச்சை! பச்சைடா!"

பெண்கள் குலவையிட்டார்கள். நல்லுசாமி வயதை மறந்து பாறையிலிருந்து குதித்தார். சிவப்பு வருமா என்று ஆண்டிச்சாமி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்.

"ஒத்துக்கிறேன் மச்சான். ஊத்து ஒங்க வீட்டுதுதான். இனி எங்க வம்சத்துல ஒருத்தன் அதைப் பத்திப் பேச மாட்டான்."

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட மாப்ளே!" என்று நல்லுசாமி அவரைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியது. "எங்கய்யா இருந்து இதைப் பாக்கலையே!"

குனிந்து இரண்டு கையாலும் பச்சைத் தண்ணீரை அள்ளினார்.

"ஐயா, குடிக்காதீங்க!" ஷர்மிளா ஓடிவந்தாள்.

"சாயத்துல கெடுதல் இல்லேன்னு நீதானே சொன்ன?"

"சாயத்துல இல்லைங்கய்யா..."

அவர் குடித்தே விட்டார். மீசையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இனிக்குதுடா! எங்க வீட்டுத் தண்ணி! டீச்சரம்மா, நீயே ஊர் முன்னால ஒரக்கச் சொல்லு. நாளைக்கு ஒருத்தன் மாத்திப் பேசக் கூடாது. இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

ஷர்மிளா கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஊத்துத் தண்ணியில மலக்கிருமி இருந்துச்சுங்கய்யா. அது யார் எடத்துலேருந்து கசிஞ்சு வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் சாயம். பச்சையை ஒங்க காட்டேஜ் கக்கூஸ் தொட்டியிலதான் ஊத்தினோம்."