மீனுக்குக் குடை

"இந்தப் பெண்ணுக்கு ஆய்வு உதவித்தொகை கொடுப்பது, மீனுக்குக் குடை வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்."

சிபாரிசுக் கடிதத்தின் முதல் வரியே இப்படி. எழுதியவர் அவளுடைய எதிரி இல்லை. சொந்தப் பேராசிரியர் பாண்டெலிஸ்.

பைசாந்தியப் பேரரசின் காலத்தையோ இன்றைய கிரேக்கத்தையோ ஆராய்பவர்களில் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருகிறது தெசலோனிக்கி நகரில் உள்ள எங்கள் அறக்கட்டளை. அங்கே முப்பத்தொரு வருஷமாகத் தபால் பிரிப்பவன் இந்தத் தனாசி. வருகிற சிபாரிசெல்லாம் தேன். ஒரு தடவை உறையைக் கிழித்ததும் தேனீயே வெளியே பறந்தது. நம்பாவிட்டால் போங்கள்! ஆனால் இப்படியொரு வசையை நான் பார்த்ததில்லை.

அன்று மதியமே அசிமீனா வந்து நின்றாள். காலையில் சந்தையில் அப்பாவோடு மத்தி மீன் நிறுத்துப் போட்டுவிட்டு, மதியம் பழைய சுவடி படிக்கிறவள்.

"மாமா, எங்க சார் கடிதம் வந்துடுச்சா?"

"வந்துச்சும்மா."

"நல்லா எழுதியிருக்காரா?"

"கையெழுத்து... ரொம்ப அழகு."

"அடுத்த மாசம் எனக்கு முப்பது முடியுது மாமா. விதிப்படி இதுதான் கடைசித் தடவை. இது போச்சுன்னா, ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்ல சித்தப்பா ஹோட்டல்ல தட்டு கழுவ வேண்டியதுதான்."

அவள் போனதும் காபிக் கடைக்கு ஓடினேன். பாண்டெலிஸ் எள் தூவிய ரொட்டி வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"தனாசி, உன் வேலை தபாலைப் பிரிக்கிறது. என் நெஞ்சைப் பிரிக்கிறது இல்ல."

"ஒரு வரியாவது மாத்திக் கொடுங்க."

"ஒரு வரி சேர்க்கணும்னா சொல்லு. அவ குரலும் சகிக்காது."

கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் பேராசிரியர் கடிதம் இல்லாத மனு செல்லாது.

இதில் இன்னொரு சங்கடம். தேர்வுக் குழுத் தலைவி எவான்தியாவுக்கும் பாண்டெலிஸுக்கும் இருபது வருஷப் பகை. ஒரு சுவடியில் இருந்த கறை ஒயினா, எண்ணெயா என்று தொடங்கியது. அவர் இந்தப் பக்கம் நடந்தால் அந்த அம்மா எதிர்ப்பக்கம் நடப்பார். தெரு குறுகலாக இருந்தால் இருவரில் ஒருவர் கடலில் இறங்கி நடப்பார்.

குழு கூடியது. இருபத்துமூன்று மனுக்கள். தேன் கடிதங்களை நான் வாசிக்க வாசிக்க, நான்கு உறுப்பினர்களும் சொக்கி விழுந்தார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். அசிமீனாவின் கடிதத்தை வாசித்தேன். குறட்டை நின்றது.

"யாரு, அந்தப் பாண்டெலிஸா?" மேசையில் அடித்தார் எவான்தியா. "சொந்த மாணவியைப் பத்தி இப்படி எழுதுவானா, பாவி? அந்தப் பொண்ணோட கட்டுரையை எடு தனாசி. அவன் சொல்றது நிஜமான்னு நாமே படிச்சுப் பார்த்துடுவோம்."

எனக்குத் தெரிந்து, அந்த அறையில் ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தது அன்றுதான்.

'விரல் விறைத்துவிட்டது. சமையற்காரர் இன்றும் உப்பை மறந்துவிட்டார். கடவுளே, இந்த அத்தியாயம் முடியவே முடியாதா?' தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் சுவடி எழுதிய ஒரு துறவி, ஓரத்தில் கிறுக்கியது. ஏழு ஊர்களில் சிதறிக் கிடந்த ஏழு சுவடிகளை எழுதியதும் இதே முணுமுணுப்புச் சாமியார்தான் என்று, அவருடைய புலம்பலை வைத்தே பிடித்திருந்தாள் அசிமீனா!

உறுப்பினர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருடைய கண்ணாடி கழன்று விழுந்தது. ஆனாலும் இருவர் இவளுக்கு, இருவர் வேறொரு பையனுக்கு என்று ஓட்டு சமமானது.

சமமானால் தலைவி ஓட்டுதான் முடிவு. எவான்தியா கையைத் தூக்கினார். அசிமீனாவுக்கு!

செய்தி கேட்ட அசிமீனா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் அப்பா கடை மீனையெல்லாம் வந்தவர் போனவருக்கு வாரிக் கொடுத்தார். சந்தைப் பூனைகளே "போதும் சாமி" என்று எழுந்து போயின.

ஞாயிறு மதியம் உத்தரவில் கையெழுத்து வாங்க எவான்தியா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் பாண்டெலிஸ்! இடுப்பில் சமையல் துணி, கையில் கரண்டி.

"உள்ள வா தனாசி. மீன் ஆறுது."

உள்ளே எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார் எவான்தியா.

"நீங்க... ரெண்டு பேரும்..."

"சண்டை தீர்ந்து ஆறு வருஷமாச்சு," என்றார் அந்த அம்மா.

"அப்ப அந்தக் கடிதம்?"

"புகழ்ந்து எழுதினா எவன் பக்கத்தைப் புரட்டுறான்?" என்றார் பாண்டெலிஸ். "திட்டினாத்தான் படிக்கிறான்."

"அதுசரி, ராசியானதை ஊருக்குச் சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்றேன்.

எவான்தியா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"நண்பரோட மாணவிக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னு நம்ம விதியில இருக்கு, தனாசி. எதிரியோட மாணவிக்குப் போடக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே!"