பத்துக்கு இரண்டு

பதிவு அலுவலகத்துக்குள் பத்திரம் எழுதுபவர் தாபுவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினார்.

“நல்லா அழுத்து தாயி. அப்பன் நெலத்த அண்ணனுக்கு விட்டுக்குடுக்குற கை, நடுங்கக் கூடாது.”

“உங்க தங்கச்சி ரேகை வச்சப்ப நடுங்கலியாய்யா?” என்றாள் தாபு.

அவர் மைப்பெட்டியை மூடினார். பக்கத்தில் நின்ற அண்ணன் ஹேமாராமுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலைவனத்துப் பலோதிக்கு மேற்கே அப்பா விட்டுப்போன கம்பங்கொல்லை. மழை பெய்தால் கம்பு, இல்லாவிட்டால் மணல். அதைத்தான் சோலார் கம்பெனி முப்பது வருஷக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. கையெழுத்தானதும் மொத்தமாக ஒரு தொகை, பிறகு வருஷா வருஷம் வாடகை. இரண்டிலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்களாம். பான் கார்டு இருப்பவனுக்குப் பத்துக்கு ஒன்று. இல்லாதவனுக்குப் பத்துக்கு இரண்டு.

போன வாரம் ஹேமாராம் தங்கை ஊருக்குப் பஸ் ஏறிப் போனான்.

“ஒங்கிட்டதான் கார்டு இல்லியே தாபு. ஒம் பங்குல ரெட்டிப்பாப் பிடிச்சிருவான். சர்க்காருக்கு ஏன் அழணும்? எல்லாம் எம் பேர்லயே இருக்கட்டும். ஒனக்குள்ளத நான் குடுக்க மாட்டேனா?”

சொல்லும்போது அது பொய்யில்லை. திரும்பி வரும் வழியில், பஸ்ஸிலேயே, அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எழுப்பி முடித்துவிட்டான்.

அன்று தாபு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பங்கு கேட்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைத்துப்போகும் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே வந்ததும், பங்கை விட்டுக்கொடுத்த தங்கைக்கென வழக்கப்படி வாங்கி வைத்திருந்த சிவப்பு முக்காட்டுத் துணியை, ஓட்னியை, அவள் தலையில் போர்த்தினான். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மடித்து, பையைத் திறந்தாள்.

பைக்குள் கண்ணாடிக் காகித உறையில் ஒரு அட்டை. முக்காடு போட்ட தாபுவின் படம். கீழே அவள் பெயர், அப்பா பெயர்.

அவனிடம் இருப்பது போலவே ஒரு பான் கார்டு.

எழுதிக் கொடுத்தபின் அது தபாலில் வர மூன்று வாரமாகும். அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவன் வரிக்கணக்குச் சொன்னபோதே, அது உள்ளே பெட்டியில் இருந்திருக்கிறது.

தாபு அவன் பார்த்ததைப் பார்த்தாள். ஓட்னியை அட்டையின் மேல் வைத்துப் பையை மூடினாள்.

ஜன்னல் வழியே பத்திரம் தெரிந்தது. பதிவாளர் அதை ஓரமாய் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவன் உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்திரம் நின்றுவிடும்.

“அண்ணே, சங்கராந்தி கழிஞ்சதும் மூத்தவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோட வந்துருவேல்ல?”

“வராம இருப்பேனா” என்றான் ஹேமாராம்.

அதற்குள் பதிவாளர் டீயைக் குடித்து முடித்துப் பேனாவை எடுத்திருந்தார்.