கைப்பையில் முறுக்கு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கட்டாயம் தருகிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெட்டி தொலைய வேண்டும்.

என் லாத்தா சுஹைனா, அதாவது என் அக்கா, எட்டு மாதக் கைக்குழந்தையோடு காரைக்காலிலிருந்து பாரிசுக்குக் கிளம்பினாள். மச்சானுக்கு அங்கே வேலை.

பெட்டி கட்டும்போதே அவளுடைய மாமியார், ஜன்னத்துல் பிர்தௌஸ் மாமி, போனில் சொன்னார்.

"புள்ளைத் துணி, பால் மாவு எல்லாத்தையும் கைப்பையில வச்சுக்க. பெட்டியை நம்பாதே. சொன்னேனா இல்லையா?"

'சொன்னேனா இல்லையா'தான் மாமியின் முற்றுப்புள்ளி. அது இல்லாமல் அவர் பேச்சு முடியாது.

லாத்தாவும் தலையாட்டினாள். ஆனால் மச்சானுக்காக உம்மா சுட்ட முறுக்கு, பெரிய பெட்டியில் போனால் நொறுங்கிவிடுமே? முறுக்கு கைப்பையில் ஏறியது. குழந்தையின் சாமான் பெட்டிக்குள் போனது.

பாரிசில் முறுக்கு முழுசாக வந்து இறங்கியது. பெட்டி வரவில்லை.

அங்கே பனி. மச்சான் வந்த ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. லாத்தா விமான நிலையத்து வைஃபையில் உம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். குழந்தை வாந்தி எடுத்து உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. மாற்றத் துணியில்லை. பாலும் தீர்ந்துவிட்டது.

"அங்கே கடையில வாங்கேன்டி."

"கார்டு வேலை செய்ய மாட்டேங்குது உம்மா."

உம்மா சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு அஸர் தொழப் போனார். போன் என் கையில்.

சிரிப்பு வருகிறது, பொறுங்கள்.

என் தொண்டையில் ஊரே இருக்கிறது. அம்பகரத்தூர் பஸ் கண்டக்டர் மாதிரிக் கத்தி, பையோடு ஓடிவந்தவர்களை வெறும் ரோட்டில் நிற்க வைத்திருக்கிறேன். டியூஷன் எடுக்கும் திருஞானசம்பந்தம் சார் குரலில் டியூஷனுக்கே லீவு விட்டிருக்கிறேன். ஆனால் என்னுடைய பெரிய அயிட்டம் மாமிதான். இழுவை, இருமல், மூக்குறிஞ்சல் எல்லாம் அச்சு அசல். லாத்தா மட்டும் உடனே கண்டுபிடித்து, "செருப்பு பிஞ்சிடும்டா" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அழுகிறவளைச் சிரிக்க வைக்கலாமே என்றுதான் தோன்றியது.

போன் அடித்தது. லாத்தா.

மாமியின் இருமலில் ஒன்றை எடுத்து விட்டேன். "என்னடி புள்ள, முறுக்கு பத்திரமா இருக்கா?"



"மாமி...?"

"மாமியேதான். முறுக்கை மடியில போட்டுக் கொஞ்சு. புள்ளையைப் பெட்டியில வச்சு அனுப்பியிருக்க வேண்டியதுதானே? உனக்கெல்லாம் எதுக்குடி புள்ள? சொன்னேனா இல்லையா?"

இங்கேதான் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

"தப்புதான் மாமி," என்றாள். அவ்வளவு சின்னக் குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "மன்னிச்சிடுங்க."

நான்தான் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'விளையாட்டுக்குச் செஞ்சேன் லாத்தா' என்று டைப் செய்தேன். வாப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். மறுபடி அழித்தேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமி! சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பாமல் ஒருநாளும் படியேறாதவர், வெள்ளைத் துப்பட்டி ஒரு பக்கம் தரையில் இழுபட ஓடி வந்தார்.

"தம்பி, அவ என் போனை எடுக்க மாட்டேங்குறா. உங்க உம்மா போன்ல போடு, சீக்கிரம்! என் தம்பி மவ சஜிதா அந்தப் பக்கம்தான் குடியிருக்கா. புள்ளைக்குக் கம்பளி உடுப்பு, பால் எல்லாம் எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கே வந்துட்டா. எந்த வாசல்னு தெரியாம பனியில அலையிறா. அவ்வளவு பெரிய இடமாமே!"

உம்மாவும் தொழுகையை முடித்து ஓடி வந்தார். வீடியோவில் கூப்பிட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

குழந்தை அவளுடைய துப்பட்டாவில் சுருண்டு கிடந்தது. அழுது ஓய்ந்து, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

மாமியின் முகத்தைப் பார்த்ததும் லாத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதான் மாமி. எனக்கெல்லாம் எதுக்குப் புள்ள? அவங்க வரட்டும், சொல்லிட்டுத் திரும்பி வந்துடுறேன். புள்ளையை நீங்களே வச்சு வளர்த்துக்குங்க."

"நான் என்ன..." என்று வாயெடுத்த மாமி நிறுத்திக்கொண்டார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் தொண்டையில் அப்போது ஒரு குரலும் இல்லை.

மாமி போன் பக்கம் திரும்பினார்.

"ஆமா புள்ள. பதட்டத்துல என்னென்னமோ பேசிட்டேன். கெழட்டு வாய். மனசுல வச்சுக்காதே. அந்தப் புள்ளைக்கு உன்னை விட்டா யாரு? எந்த வாசல் பக்கம் உக்காந்திருக்கே, அதைச் சொல்லு."

லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த எண்ணைச் சொன்னாள். மாமி அதைச் சஜிதாவிடம் சொல்ல, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில் இப்போது நான் தெரிந்தேன்.

லாத்தா என்னையே பார்த்தாள்.

"டேய் ரஃபீக்," என்றாள். "நீ ஏன்டா அழுவுற?"