அடைக்காத ஓட்டை

"சர்வரோட மாஸ்டர் பாஸ்வேர்டை மாத்தினது நீயா?"

"ஆமா மேடம்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. எதிரே நின்ற பெண் மென்று முழுங்குவாள் என்று நினைத்திருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடம் அவருடையது. எந்த சர்வரின் பாஸ்வேர்டை யார் மாற்றினாலும் அவர் செல்போனுக்குத் தகவல் வந்துவிடும். இன்று காலை வந்த தகவலில் இந்த ஹெல்ப் டெஸ்க் பெண்ணின் பெயர் இருந்தது.

"எவ்வளவு திமிரு பார்த்தீங்களா மேடம்!" என்று குதித்தார் சிஸ்டம் மேனேஜர். "பிரிண்டருக்கு மை போட வந்தவ, சர்வருக்கே ராணியாயிட்டா. நாளைக்கு யாரோட சர்க்கரை அளவை வேணா மாத்துவா. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க."

நியாயம்தான். ரிசல்ட்டில் ஓர் எண் மாறினாலும் யாருடைய உயிருக்கோ ஆபத்து.

"உனக்கு அந்த அதிகாரமே கிடையாதே. எப்படி உள்ள போன?"

"சர்வரை கவனிச்சுக்கற சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை இருக்கு மேடம். சாதாரண ஆளு அது வழியா நுழைஞ்சு அட்மினாவே ஆயிடலாம். அதை அடைக்க அப்டேட் வந்து ரொம்ப நாளாச்சு. சார்கிட்ட பல தடவை சொன்னேன்."

"டெஸ்ட் பண்ணாம போட முடியுமா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"சரி, பாஸ்வேர்டை எதுக்கு மாத்தின?"

அவள் மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம். புதுசை உடனே சார்கிட்ட சொல்லிட்டேன்."

"மாட்டிக்குவோம்னு பயம் வந்திருக்கும்!" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மாவுக்கு இழுத்தடிப்பது பிடிக்காது. "இவ விஷயத்தை அப்புறம் பார்க்கறேன். முதல்ல ஓட்டையை அடைங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

மூவரும் சர்வர் அறைக்குப் போனார்கள். மெயின் சர்வரில் அப்டேட் போட மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டது. மேனேஜர் புதுசை ஜம்மென்று அடித்தார். வேலை முடிந்தது.

அடுத்தது ஸ்பேர் சர்வர். அதில் அவள் கை வைக்கவில்லை. பழைய பாஸ்வேர்டுதான்.

மேனேஜர் அடித்தார். தவறு என்றது திரை. மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு. அந்த ஏசி குளிரிலும் அவருக்குக் கர்சீப் தேவைப்பட்டது.

"கீ போர்டு மக்கர் பண்ணுது மேடம்."

"என் தப்புதான் மேடம்," என்றாள் அவள் அவசரமாக. "இதுலயும் நான் மாத்தியிருப்பேன். கொஞ்சம் நகருங்க சார், நான் பார்க்கறேன்."

டாக்டரம்மா செல்போனைப் பார்த்தார். ஸ்பேர் சர்வரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. இதுவரை மறைக்காமல் பேசியவள் இப்போது ஏன் பொய் சொல்கிறாள்? அவருக்குப் புரிந்துவிட்டது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கேட்டீங்களா மேடம்? இதுலயும் கை வச்சிருக்கா! இவளை இனி ஒரு நிமிஷம்கூட வச்சிருக்கக் கூடாது," என்றார் மேனேஜர், நெற்றியைத் துடைத்தபடி.

"பாஸ்வேர்டை மறந்துட்டு இத்தனை நாளா நீங்களே அந்த ஓட்டை வழியாத்தான் வந்துட்டிருந்தீங்க. இவ புதுசு ஒண்ணு வச்சுக் கொடுக்கலைன்னா, நாளைக்கு நீங்க எப்படி சார் உள்ள வருவீங்க?"