புள்ளியும் மீட்டரும்

"அந்த மனுவைக் கிழிச்சுப் போடு!" என்றார் கணினி ஆசிரியர் தர்மராஜ். கடலாடியின் மாலைக் கணினி வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மாணவி நாகஜோதி திரையில் போட்டிருந்தது ஒரு ட்ரோன் படம். ஊர்க் குடிநீர்க் கிணறும், அதை உப்பாக்கிய இறால் பண்ணையும் அதில் தெரிந்தன. விதிப்படி கிணற்றுக்கு நூறு மீட்டராவது தள்ளித்தான் பண்ணை இருக்க வேண்டும். நாளை தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறாள். பண்ணைக்காரர் யாரென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாததால், மனுவில் அந்தப் பெயருக்கான இடம் மட்டும் காலி.

"படத்தோட ஓரத்துல இருக்கிற எண்ணைப் பாரு, நூத்தியிருபது தள்ளி இருக்கு. அப்புறம் என்ன?"

"அது படத்தோட புள்ளிக் கணக்கு சார், பிக்சல். மீட்டர் இல்ல."

"வந்து மூணு மாசம் ஆகல, எனக்கே பாடம் எடுக்கிறியா?"

வகுப்பு சிரித்தது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நோட்டைப் புரட்டினாள். பள்ளிக்கூடச் சுவரை டேப் பிடித்து மூன்று முறை அளந்திருந்தாள். மூன்று முறையும் எண்பது மீட்டர். படத்தில் அதே சுவர் நூற்றறுபது புள்ளி. அப்படியென்றால் ஒரு புள்ளிக்கு அரை மீட்டர்.

ஓரத்து எண்களை மீட்டருக்கு மாற்றி, படத்தை மறுபடி வரவழைத்தாள். கிணற்றுக்கும் பண்ணைக்கும் நடுவே அறுபது மீட்டர்தான்.

"உன் டேப்பே தப்பு!" தர்மராஜ் மேசையில் ஓங்கி அடித்தார். "பண்ணைக்குக் குட்டை வெட்டுறப்ப நானே அங்கன நின்னு அளந்தேன். நூத்திப்பத்து!"

சிரிப்பு நின்றது.

நாகஜோதி மனுவை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"சார், உங்க இனிஷியல் என்ன?"