பாறைமேல் துடுப்பு

அருவி வரும் இடத்தில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் படகைவிட்டு இறங்கிப் பாறைமேல் நடந்து போவார்கள். காலிப் படகை நானும் கெம்பண்ணனும் தோளில் சுமந்துபோய் அருவிக்குக் கீழே தண்ணீரில் விடுவோம். இந்தப் பூங்காவில் எங்களுக்கு அதுதான் வேலை. அன்றைக்கு வந்த ஆள் இறங்க மாட்டேன் என்றான். பாறை சுடுகிறதாம்.

"நாங்க வெறுங்காலோட நிக்கறமே சார்," என்றார் கெம்பண்ணன்.

"உங்களுக்குப் பழகின காலுய்யா. தூக்கு. இல்ல, மேனேஜருக்குப் போன் போடவா?"

போன மாதம் இப்படி ஒரு போனில்தான் ரெண்டு பேருக்கு வேலை போனது. தூக்கினோம். முன்னால் கெம்பண்ணன், பின்னால் நான், நடுவில் அவன். சோற்றுக்கு வந்த இடத்தில் பல்லக்கா தூக்குகிறோம் என்று எனக்கு வயிறு எரிந்தது. பாதி வழியில் அவனுக்கு விளையாட்டு வந்துவிட்டது. ஒரு கையில் செல்போனை நீட்டிக்கொண்டு மறுகையால் காற்றில் துடுப்புப் போட்டான். துடுப்பு கெம்பண்ணன் காதில் அடித்து ரத்தம் தோளில் இறங்கியது.

"சாரி, சாரி," என்று சிரித்தான். "நிக்காத, வீடியோ ஓடுது."

கெம்பண்ணன் கீழே இறங்கும் தடத்தை விட்டுவிட்டு, தண்ணீர் விழுகிற விளிம்பைப் பார்த்து நடந்தார். நான் நின்றால் படகும் நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும்.

"ஏய், வழி அது இல்லியே! இறக்குங்கடா, நான் நடந்தே வரேன்."

கெம்பண்ணன் திரும்பவில்லை.

"ஆடாம உக்காருங்க சார்," என்றேன் நான். "தண்ணி வந்திருச்சு."