காற்று வரும் ப

“காகிதம் அசையலையேடி.”

அலுவலகத்து நடைவழி பெஞ்சில், பட்டாணியின் உதட்டுக்கு முன்னால் அவள் ஒரு காகிதத் துண்டைப் பிடித்திருந்தாள். தையலுக்கு அளவு வரைகிற மெல்லிய காகிதம். விரல் நீளம்கூட இல்லை.

பட்டாணி மறுபடி சொன்னாள். காகிதம் சும்மா தொங்கியது.

இந்த ஊர் பாஷையில் ‘ப’ இரண்டு. ஒன்று உதட்டைத் தட்டிவிட்டுப் பேசாமல் போய்விடும். இன்னொன்று ஒரு வாய்க் காற்றையும் கூடத் தள்ளிக்கொண்டு வரும். காற்றோடு சொன்னால் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று பொருள். காற்றில்லாமல் சொன்னால் சாக்கு. மூட்டை கட்டுகிற சாக்கு.

நமக்கு இருப்பதோ ஒரே ப. நோட்டில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே இருந்தன. காற்று வருகிற ப-வின் தலையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். பட்டாணி அதைச் சமர்த்தாக ‘ப்’ என்று வாசித்தாள். அப்புறம்தான் இந்தக் காகித வித்தை.

“உள்ளே போய் ‘இவங்க என் சாக்கு’ன்னு சொல்லிவைக்காதே. மானம் போயிடும்.”

“சாக்குன்னா நல்லதுதானே? உள்ளே போய் ஒளிஞ்சுக்கலாம்.”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. சூடா எதைக் குடுத்தாலும் புயல் மாதிரி ஊதுறே. இதுக்குத்தான் காத்துக்குப் பஞ்சமா?”

பட்டாணிக்கு எட்டு வயது. இரண்டு பள்ளிக்கூடங்கள் ‘பதிவுக் காகிதம் போதாது’ என்று திருப்பி அனுப்பிய பிறகு, தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வகுப்பு ஆரம்பமானது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் பட்டன். நீள அகலத்துக்கு டேப். பாஷைக்கு மேல் மாடிக்காரர்களின் ரேடியோ. மெஷின் ஓடுகிற சத்தத்தில் பிள்ளை பாதிச் சொல்லைத் தப்பாகவே பிடித்திருக்கிறாள் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

போன வாரம்தான் கடிதமும் வந்தது. பிள்ளைக்குப் பாஷை வருகிறதா என்று சோதிப்பார்கள். வீட்டில் வைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கப் பெற்றவர்களுக்கு மட்டுமே உரிமை. இரண்டில் ஒன்று தவறினாலும் பிள்ளை அரசாங்க விடுதிக்கு. விடுதி, ரயிலில் ஐந்து மணி நேரம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

“மத்ததெல்லாம் தப்பாப் போனாலும் போகட்டும். இந்த ஒண்ணு மட்டும் பிசகக் கூடாது. எங்கே, சொல்லு.”

கதவு திறந்தது. மொழிபெயர்க்கிறவர் தலையை நீட்டினார். நம் ஆள்.

“வாங்கம்மா. பயப்படாதீங்க. இன்னைக்கு உக்காந்திருக்கிறது நல்ல மனுஷிதான்.”

நல்ல மனுஷிதான். அந்த அதிகாரி முதலில் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பட அட்டைகளை எடுத்து வைத்தாள். வீடு. நாய். ஜன்னல். பட்டாணி ஒன்றையும் விடவில்லை. ஜன்னலுக்கான சொல்லின் வாலில் மட்டும், நம்முடைய ஒரு ‘உ’ ஒட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி அதைக் கண்டுகொள்ளவில்லை.

அட்டைகள் தீர்ந்ததும் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். இது யார்?

பட்டாணி மூச்சை இழுத்தாள். சொன்னாள்.

வந்தது. ஒரு வாரமாக வராத காற்று, அழகாக, அளவாக வந்தது.

அதிகாரி புருவத்தை உயர்த்தி ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கிறவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

“இந்த ப எனக்கு வர ஆறு வருஷம் ஆச்சும்மா. இங்கே பிறந்த பிள்ளை மாதிரி சொல்றாளாம். சொல்லிக்குடுத்தது யாருன்னு கேக்குறாங்க.”

அவள் வாயெடுப்பதற்குள், இன்னொரு சுலபமான கேள்வி கேட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அதிகாரி கோப்பின் அடியிலிருந்து ஒரு புகைப்படத்தை உருவி பட்டாணியின் முன்னால் வைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தையது. இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று ஆஸ்பத்திரியில் எடுத்தது. சக்கர நாற்காலியில் ஒருத்தி. அவள் மடியில் ஐந்து வயதுப் பட்டாணி. பின்னால் இரண்டு பைகளோடு நிற்பவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்.

அதிகாரியின் விரல் நாற்காலியில் இருந்தவள்மேல் போய் நின்றது. இது யார்?

பட்டாணி யோசிக்கவே இல்லை. அதே சொல். அதே காற்று.

பேனா நின்றுவிட்டது.

மொழிபெயர்க்கிறவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அப்போ, நீங்க யாரும்மா?”

“சின்னம்மா.” அந்தச் சொல்லில் இருந்த ‘சின்ன’வைப் பட்டாணி விழுங்கி மூன்று வருஷம் ஆகிறது. “அவ எங்க அக்கா. வந்த மாசமே போயிட்டா. சின்னம்மாவும் அம்மாதானே? சொல்லிலேயே இருக்கே. அப்படியே சொல்லுங்க அவங்ககிட்ட.”

“அப்படி ஒரு சொல்லு இவங்ககிட்ட இல்லைங்களே. சித்தி, அத்தை, மாமி, பக்கத்து வீட்டுக்காரி, எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ணுதான்.”

அவர் அதிகாரியிடம் அந்த ஒன்றைச் சொன்னார்.

நல்ல மனுஷி கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை மாட்டிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தாள். அதன் தலைப்பில் விடுதியின் பெயர் இருந்தது.

பட்டாணி பக்கத்தில் இருந்தவள் கையைச் சுரண்டினாள். முகமெல்லாம் பெருமை.

“ம்மா, ரெண்டு தடவையும் சரியாச் சொன்னேன்ல?”

“சரியாத்தான்டி சொன்னே.”